தோட்டக் கேள்வி, நேர் பதில்: பீர்க்கம்பூவும் சாயங்காலமும்

கேள்வி: அண்ணே, குளுவாங் பக்கத்தில் பழைய தோட்ட வீட்டில் இருக்கிறோம். பின்பக்கம் பூசணியும் பீர்க்கங்காயும் போட்டிருக்கிறேன். தேனீ அதிகம் வராததால் காலையில் ஏழு மணிக்கே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு விடுகிறேன். பூசணி பிடிக்கிறது, பீர்க்கு மட்டும் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி, "அது ஆண் கொடிடி, பிடுங்கிப் போடு" என்கிறார். பிடுங்கிவிடலாமா?
– வாசகி, குளுவாங்

பதில்: பிடுங்காதீர்கள் தங்கச்சி. பீர்க்கில் ஆண் கொடி, பெண் கொடி என்று தனித்தனியாகக் கிடையாது, ஒரே கொடியில்தான் இரண்டு பூவும். கொத்தாக வருவது ஆண், அடியில் குட்டிக் காயோடு தனியாக நிற்பது பெண். முதலில் ஆண் பூவாக வந்து குவியும், பெண் பூ தலைகாட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும், பாட்டி பார்த்தது அந்தச் சமயமாக இருக்கும்.

உங்கள் தப்பு நேரத்தில். பூசணி விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும், அதற்கு ஏழு மணி சரி. பீர்க்கு அப்படி இல்லை, வெயில் தாழ்ந்த பிறகுதான் விரியும். சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள், கண்ணெதிரே மஞ்சளாக விரியும். அந்த நேரத்து மகரந்தம்தான் புதுசு. மறுநாள் காலை நீங்கள் கையில் எடுப்பது ராத்திரி முழுக்க நின்று தளர்ந்த பூ.

ஆனால் நம்ம ஊரில் சாயங்காலம் என்றால் மழையும் சேர்ந்தே வரும், நனைந்த மகரந்தம் எதற்கும் உதவாது. அதனால் மதியம் மூன்று மணிக்கே, அன்று விரியப்போகிற ஆண் மொட்டை (நுனியில் மஞ்சள் தெரியும், இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்) காம்போடு நறுக்கி ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள், அங்கேயே விரிந்துவிடும். மழை விட்டதும் கொண்டுபோய்ப் பெண் பூவில் மெதுவாகத் தேயுங்கள், ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ என்றால் இன்னும் நல்லது. விதைக்கு விடுவதாக இருந்தால், விரியும் முன்பே பெண் மொட்டை நூலால் கட்டிவிட்டு, தொட்ட பிறகு மறுபடியும் கட்டுங்கள். பக்கத்தில் வழவழப்பான பெத்தோலா, அதாவது நுரைப்பீர்க்கு இருந்தால் இரண்டும் கலந்துவிடும். பூசணியோடு கலக்காது, அந்தப் பயம் வேண்டாம்.

உரம் அள்ளிப் போடுகிறீர்களோ? கோழி எரு அதிகமானால் கொடி இலையாகவே ஓடும், பெண் பூ தள்ளிப்போகும்.

இதை எழுதும்போது அம்மா ஞாபகம் வருகிறது. செம்பனைத் தோட்டத்தில் அவருக்கு இந்த வேலைதான். ஆண் பாளையிலிருந்து தூளைத் தட்டி எடுத்து, உலர்த்தி, டால்க் பவுடரில் கலந்து, பெண் பாளையில் ஊதிக்கொண்டே நடப்பார். ஒரே மரத்தில் ஆண் பாளையும் பெண் பாளையும் மாறி மாறித்தான் வரும், அதனால் தூள் வேறு மரத்திலிருந்து வரவேண்டும். பெண் பாளை சோம்பு வாசம் அடிக்கும் ஓரிரண்டு நாள்தான் அவகாசம், தப்பினால் குலையில் பாதி சொத்தை. 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், உங்கள் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில்தான் முதலில் விட்டதாகச் சொல்வார்கள். அந்த வண்டு ஆண் பாளையிலேயே முட்டையிட்டு வாழும், வாசத்துக்குப் பெண் பாளையையும் எட்டிப் பார்க்கும், உடம்பில் ஒட்டிய தூள் அங்கே உதிரும். ஊதுகிற வேலை அத்தோடு போயிற்று. அம்மாவுக்கு முதுகு வலி குறைந்தது, சம்பளமும் குறைந்தது.

கேள்வி: பூசணி ஆண் பூவின் மகரந்தத்தை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் வரும் பெண் பூவுக்குப் போடலாமா?
– வாசகர், சிகாமட்

பதில்: வேண்டாம், பூசணி மகரந்தம் அன்றைக்கே உயிர் விட்டுவிடும். அதற்குப் பதிலாகப் பத்து நாள் இடைவெளியில் இரண்டாவது குழி விதை போடுங்கள். முதல் கொடியில் பெண் பூ வரும்போது இரண்டாவது கொடியில் ஆண் பூ கொட்டும்.