எட்டுப் பேருக்கு 22 சர்வீஸ்! வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எங்கள் டீமில் 8 பேர், 22 மைக்ரோசர்வீஸ் (ஒரே மென்பொருளைத் தனித்தனியாக ஓடும் சிறு துண்டுகளாகப் பிரித்தவை). முழுப் படம் யாருக்கும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

ப: சேர்த்துவிடுங்கள். கடைசி மூன்று மாத ரிலீஸைப் புரட்டிப் பாருங்கள். எப்போதும் ஜோடியாகவே டெப்ளாய் ஆகிறவை (பயன்பாட்டுக்கு ஏறுகிறவை) எவையோ, அவை உண்மையில் ஒரே சர்வீஸ்தான். வாடிக்கையாளர் தரவைத் திரட்டித்தரும் செக்மென்ட் நிறுவனமே 140-க்கும் மேற்பட்ட சர்வீஸாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றாக்கிவிட்டோம் என்று 2018-இல் எழுதியது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

கே: மைக்ரோசர்வீஸுக்கு மாறியதிலிருந்து ஸ்லோவாக இருக்கிறது. ஏன்?

ப: எந்த ரிக்வெஸ்ட்? எத்தனை மணிக்கு? வெறுமனே 'ஸ்லோ' என்று எழுதினால் ஜோசியம்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அந்த ட்ரேஸ் ஐடியை முதல் அழைப்பிலிருந்து கடைசி வரை கடத்துங்கள். எந்த சர்வீஸில் எவ்வளவு நேரம் போனது என்று காட்டும் யேகர் (Jaeger) கருவியில் பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.

கே: சர்வீஸ்களைப் பிரித்துவிட்டோம், டேட்டாபேஸ் மட்டும் பொது. பரவாயில்லைதானே?

ப: இல்லை. எத்தனை தடவை சொல்வது! தனிக்குடித்தனம் போய்விட்டோம் என்று சொல்லிக்கொண்டு அடுப்பை மட்டும் பொதுவில் வைத்திருக்கிறீர்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஆர்டர் டீம், ஸ்டேட்டஸ் ஃபீல்டை எண்ணிலிருந்து எழுத்துக்கு மாற்றியது. அவர்கள் டெஸ்ட் எல்லாம் பச்சை. இரவு 2 மணிக்கு பில்லிங் படுத்துவிட்டது. பில்லிங் அந்த டேபிளை நேரடியாகப் படிக்கிறது என்பதே ஆர்டர் டீமுக்குத் தெரியாது. ஸ்டேட்டஸ் 3 என்றால் பில் போடு என்று எழுதிவைத்தவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம். விடியும்வரை ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திருப்பும் வேலை.

ஒரு டேபிளுக்கு ஒரே சொந்தக்காரர். மற்றவர்கள் ஏபிஐ (அந்த சர்வீஸிடமே கேட்டுப் பெறும் வாசல்) வழியாகவோ ஈவென்ட் (மாற்றம் நடந்ததும் அது அனுப்பும் செய்தி) வழியாகவோ வரட்டும். அதற்காக நாளைக்கே புது சர்வர் வாங்க வேண்டாம். அதே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஆளுக்கொரு ஸ்கீமா (டேபிள்களுக்கான தனி அறை), ஆளுக்கொரு யூசர் கொடுத்து, அடுத்தவர் டேபிளைப் படிக்கும் உரிமையை எடுத்துவிடுங்கள். யார் யார் திருட்டுத்தனமாகப் படித்தார்கள் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். ஸ்டேஜிங்கில் (சோதனைக்கான நகலில்) செய்யுங்கள் சாமி, ப்ரொடக்‌ஷனில் அல்ல.

கே: பேமென்ட் ஃபெயிலானால் தானாக மறுபடி முயலும்படி ரீட்ரை போட்டிருக்கிறோம். போதுமா?

ப: எத்தனை அடுக்கில்? மூன்று அடுக்கும் தலா மூன்று முறை முயன்றால் கடைசி சர்வீஸின் தலையில் 27 அழைப்பு விழும். ஒரே அடுக்கில் மட்டும் வையுங்கள், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஐடெம்பொடென்சி கீ (அதே பேமென்ட் மறுபடி வந்தால் அடையாளம் காட்டும் குறி) இல்லாவிட்டால் ரீட்ரையே வேண்டாம். வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் இரண்டு தடவை போகும்.

கே: எல்லா சர்வீஸும் 99.9% அப்டைம் (படுக்காமல் ஓடும் நேரம்). பிறகும் ஏன் திட்டுகிறார்கள்?

ப: ஒரு ரிக்வெஸ்ட் வரிசையாகப் பத்து சர்வீஸைத் தொட்டால் மொத்தம் 99%தான். மாதத்துக்கு ஏழு மணி நேரம் படுத்துக்கிடக்கும். திட்டத்தான் செய்வார்கள்.

கே: சர்வீஸ்களுக்கு இடையிலான போக்குவரத்தைக் கவனிக்கும் சர்வீஸ் மெஷ்களில் எது நல்லது?

ப: எத்தனை சர்வீஸ் என்று எழுதவில்லை. பத்துக்குள் என்றால் எதுவும் வேண்டாம். டேட்டாபேஸைப் பிரித்துவிட்டீர்களா?