குற்றமும் மனநலமும்: முதுநிலையில் எதைப் படிப்பது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு படுகர் கிராமத்தைச் (ஹட்டி) சேர்ந்தவள் நான். பி.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு. குற்றவாளிகளின் மனநலம் தொடர்பாக வேலை பார்க்க ஆசை. ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்பு போதுமா, முதுநிலை படிக்க வேண்டுமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: அந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். அதை நம்பி எந்த நீதிமன்றமும் உங்கள் கருத்தைக் கேட்காது. உளவியல் முதுநிலையையும் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்திருக்கிறது.

குற்றம், காவல், சிறை ஆகியவற்றைச் சமூக நோக்கில் ஆராய விருப்பமென்றால் குற்றவியல் எம்.ஏ. படிக்கலாம், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் அதற்கெனத் துறைகள் உண்டு. தடயவியல் உளவியலுக்கு (குற்ற வழக்குகளில் உளவியலைப் பயன்படுத்தும் துறை) குஜராத்தின் காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் நோயாளியை நேரில் பரிசோதிக்க விரும்பினால், முதலில் மருத்துவ உளவியல் (மனநோயைக் கண்டறிந்து சிகிச்சை தரும் உளவியல்) என்பதே என் உறுதியான கருத்து. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் என்று ஏற்பது, இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த பயிற்சி பெற்றவரைத்தான். அந்தப் பயிற்சியாகப் பெரும்பாலும் இருந்துவந்த எம்.ஃபில். பட்டம் கைவிடப்பட்டுவருவதால் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. சேருமுன் கல்லூரியின் பெயர் கழகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

சிகிச்சைப் பயிற்சியை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், மனநலம் குன்றியவரைக் குற்றப் பொறுப்பிலிருந்து விலக்கும் 22ஆம் பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 84) ஒருவருக்கு மனநோய் உண்டா என்பதோடு நிற்பதில்லை. அந்தச் செயலைச் செய்த நேரத்தில், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறியும் திறன் அவருக்கு இருந்ததா என்று கேட்கிறது. ஒருவர் அண்ணனை வெட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனைக்கு வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். மாத்திரை சாப்பிட்டுத் தெளிந்திருப்பார். அன்றைய மனநிலையைப் பழைய மருந்துச் சீட்டிலிருந்தும், "மூன்று நாளாகத் தூங்கவில்லை, சுவரோடு பேசினான்" என்னும் தாயின் வாக்குமூலத்திலிருந்தும், வெட்டிய பின் அரிவாளை ஒளித்தாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா என்பதிலிருந்தும் மீட்டெடுக்க வேண்டும். நோயோடு பலநாள் பழகாத கண்ணுக்கு இவை புலப்படா. இறுதிக் கருத்தைப் பெரும்பாலும் மனநல மருத்துவர் தருவார். சோதனைகளும் குடும்ப வரலாறும் உங்கள் பொறுப்பில் வரும். அந்தத் தாய் படுகர் மொழியில் மட்டுமே மனம்விட்டுப் பேசுபவராக இருந்தால், உங்களுக்குக் கிடைக்கும் விவரம் வெளியூர்க்காரருக்குக் கிடைக்காது.

வீட்டாரிடம் ஒன்று சொல்லுங்கள்: மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, தாக்கப்படுவதுதான் அதிகம். விண்ணப்பிக்குமுன் ஊட்டி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் ஒரு கொலை வழக்கு விசாரணையைக் கவனியுங்கள். மருத்துவ சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது.