அம்மாவின் முழங்காலும் தம்பியின் அவசரமும்

கேள்வி: சித்திரை விடுமுறைக்கு நான்கு நாள் மலைநாடு போகிறோம். நானும் கணவரும் ஓரளவு நடப்போம், ஆனால் மலை பழக்கமில்லை. மகனுக்கு 10 வயது. அம்மாவுக்கு 67, முழங்கால் வலி உண்டு. இருந்தும் சிவனொளிபாதமலை ஏறிவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தம்பிக்கு 26. கஷ்டமான மலை இல்லையென்றால் வரவே மாட்டேன் என்கிறான். எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரு பாதை சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, வவுனியா

பதில்: அப்படி ஒரு பாதை கிடையாது, சகோதரி. ஐந்து பேரும் ஒரே வழியில் இறங்கினால் தம்பி முதல் வளைவிலேயே மறைந்துவிடுவார். அம்மா ‘எனக்காக நிக்காதீங்கோ’ என்று சொல்லிச் சொல்லியே களைத்துப்போவார். நீங்கள் தண்ணீர்ப் போத்தலோடு இரண்டு பேருக்கும் நடுவில் ஓடித் திரிவீர்கள். அதைவிட, ஒரே ஊரில் தங்குங்கள். காலையில் ஆளுக்கொரு தூரம் நடந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காருங்கள்.

அதற்கு நான் சொல்லும் ஊர் அப்புத்தளை. எல்லாரும் எல்ல என்ற ஊர்ப் பக்கம்தான் ஓடுகிறார்கள். விடுமுறையில் அங்கே வாகனத்துக்கு நடுவில்தான் நடக்க வேண்டியிருக்கும். அப்புத்தளையில் தங்கினால் ஒரு பக்கம் லிப்டன் சீட் என்கிற காட்சிமுனை, இன்னொரு பக்கம் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. எல்லவும் எட்டாத தூரமில்லை.

முதல் நாள் லிப்டன் சீட்டுக்குப் போங்கள். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மேலே ஏறக்குறைய 7 கிலோமீட்டர். தம்பி அதை நடந்து ஏறட்டும். மற்றவர்கள் விடியற்காலையில் ஓட்டோவில் மேலே போய், தேநீர் குடித்துவிட்டு, நடந்து இறங்குங்கள். வழி முழுக்க வாகனம் போகும் பாதை, படிகள் இல்லை, சரிவும் மெதுவானது. ஓட்டோக்காரரிடம் முன்பே பேசி வைத்தால் அம்மாவுக்குப் போதும் என்று தோன்றும் இடத்தில் ஏற்றிக்கொள்வார். வழி கேட்க உங்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் பெரும்பாலும் நம் மொழி பேசுகிறவர்கள்தான். ஆனால் அது அவர்கள் வேலை செய்யும் இடம், லயங்கள் அவர்களுடைய வீடு. கேட்காமல் கமராவை நீட்டாதீர்கள். அன்றைக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு, நமக்காக நின்று சிரிக்க நேரமில்லை.

ஏன் ஏறுவதை விட்டு இறங்குவதைப் பற்றியே பேசுகிறேன் என்று கேட்பீர்கள். ஏறும்போது நெஞ்சு முறையிடும். ஐந்து நிமிடம் நின்றால் அது அடங்கிவிடும். இறங்கும்போது முறையிடுவது முழங்கால், அது நின்றாலும் அடங்காது. பாதைகளை இலகு, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் தூரத்தையும் உயரத்தையும்தான் பார்க்கிறார்கள். இறங்கும் வழியில் எத்தனை படி என்று யாரும் எழுதுவதில்லை.

இரண்டாம் நாள் ஹோர்ட்டன் சமவெளி. இங்கே தூரத்தை விட நேரம்தான் முக்கியம். ‘உலக முடிவு’ என்கிற அந்தச் செங்குத்து விளிம்பில் நின்றால் கீழே ஏறக்குறைய 870 மீட்டர் பள்ளம், தேயிலைத் தோட்டங்கள், வெகு தூரத்தில் தாழ்நிலம். பல வருடங்களுக்கு முன் நான் ஆறுதலாகக் காலைச் சாப்பாடு முடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பார்த்தது சுண்ணாம்பு பூசிய சுவர் போல ஒரு வெள்ளை மூடுபனி, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், ‘உலகம் உண்மையாகவே முடிஞ்சு போச்சு’ என்றார். அதனால் காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். அப்புத்தளையிலிருந்து ஒஹிய வழியாக வாகனத்தில் போவதென்றால் நாலரைக்கே புறப்படுங்கள்.

சுற்றுப்பாதை முழுவதும் சுமார் 9 கிலோமீட்டர். உங்களுக்கும் கணவருக்கும் மகனுக்கும் அது அளவான நடை, சாவகாசமாக நடந்தால் மூன்றரை மணித்தியாலம். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிப் பக்கம் மட்டும் இறக்கம் கொஞ்சம் மோசம். அம்மா தொடக்கத்தில் வரும் புல்வெளியில் விருப்பப்பட்ட தூரம் நடந்துவிட்டுத் திரும்பட்டும். வாகனம் நிறுத்தும் இடத்திலேயே மரை மான்கள் ஆளைப் பார்த்துப் பயப்படாமல் நிற்கும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். உணவு மட்டும் கொடுக்க வேண்டாம். உங்கள் சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றாதீர்கள். வாசலில் பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். 

தம்பிக்கு அங்கேயே வேலை இருக்கிறது. இலங்கையின் மிக உயரமான பீதுருதாலகால மலையில் நடந்து ஏற விடமாட்டார்கள், உச்சியில் பாதுகாப்பு வலயம். அடுத்த உயரம் கிரிகல்பொத்த, ஏறக்குறைய 2,390 மீட்டர். சமவெளிக்கு உள்ளிருந்தே தொடங்கலாம். போக 7, வர 7 கிலோமீட்டர். சேறு, புதர், சில இடங்களில் பாதையே தெரியாது. காவலர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், தனியாகப் போகவே கூடாது. கூட வர ஆள் கிடைக்காவிட்டால் தொட்டுபொல கந்த ஏறட்டும். 2,357 மீட்டர் என்றாலும் நடை 2 கிலோமீட்டர் அளவுதான். ‘இவ்வளவுதானா’ என்று முகம் சுழிப்பார், பரவாயில்லை.

மூன்றாம் நாள் எல்ல. லிட்டில் ஆதம்ஸ் பீக் 1,141 மீட்டர், தேயிலைக்கு நடுவில் நல்ல பாதை, கடைசியில் மட்டும் படிகள். மகன் தன் காலால் உச்சி தொடக்கூடிய மலை அது.

சித்திரையில் பின்னேரம் இடியும் மழையும் வழக்கம். எந்த நாளும் பன்னிரண்டு மணிக்குள் திறந்த வெளியை விட்டு இறங்கிவிடுங்கள். மழை பெய்தால் அட்டை வரும்; நீளக் காலுறைக்கு மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் அவ்வளவாக ஏறாது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு நான் இன்னொன்றும் செய்கிறேன். புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை தங்குமிடத்துக்கு அழைத்துப் பாதை எப்படி என்று கேட்பேன், மண்சரிவு எச்சரிக்கையும் பார்ப்பேன். சிவப்பு எச்சரிக்கை இருந்தால் போவதில்லை.

இனி அம்மாவின் ஆசை. வயது போனவர்கள் சிவனொளிபாதமலை ஏறவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். வெறுங்காலோடு, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறும் பாட்டிமாரை நானே கண்டிருக்கிறேன். 2,243 மீட்டர் உயரம். நல்லதண்ணிப் பக்கத்தால் 5,000க்கு மேற்பட்ட படிகள். பருவகாலத்தில், அதாவது மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை, வழி முழுக்க வெளிச்சமும் தேநீர்க்கடையும் இருக்கும். என் சித்தி ஐந்து மணித்தியாலத்தில் ஏறினார். இறங்க ஆறு ஆயிற்று. பாதி வழியில் தொடை நடுங்கத் தொடங்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக வைத்து இறங்கினார். முன்பின் தெரியாத ஒரு பையன் தன் தடியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

இந்த நான்கு நாளுக்குள் அதைத் திணிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நல்லதண்ணிக்குப் போகும் பயணமே ஒரு நாளைத் தின்றுவிடும், இரவில் ஏறினால் அடுத்த நாள் யாருக்கும் கால் இராது. சித்திரை விடுமுறைச் சனத்தில் கடைசிப் படிகளில் அசையாமல் மணிக்கணக்கில் நிற்கவும் நேரும். அடுத்த தை மாதம், பௌர்ணமியும் வார இறுதியும் இல்லாத ஒரு நாள் பார்த்து, அதற்கென்றே தனியாக வாருங்கள். அதற்கு முன் இரண்டு மாதம் அம்மா மாடிப்படி ஏறி இறங்கட்டும், வைத்தியரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இரவு எட்டு மணிக்கே ஏறத் தொடங்கினால் விடியும் முன் அவசரமில்லாமல் போய்ச் சேரலாம். மேலே குளிர் எலும்பைத் தொடும், வியர்த்த உடுப்பை மாற்ற ஒன்று பையில் இருக்கட்டும்.

ஆனால் ‘இந்த முறை இல்லை’ என்று நீங்கள் முந்திக்கொண்டு அம்மாவிடம் சொல்லாதீர்கள். லிப்டன் சீட்டிலிருந்து எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு நடந்து இறங்கட்டும். மறுநாள் விடிய, கட்டிலை விட்டு எழும்பும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று அவரே கேட்டுக்கொள்வார்.