சேற்றுக்குள் யானை தேடும் படிப்பு

அம்மா, வணக்கம்.

படிப்பு ஆலோசகன் என்று நேற்று எனக்குப் போன் செய்து, நீங்கள் படபடவென்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். "பி.எஸ்சி. தாவரவியல்ல சேர்த்ததே, அப்புறம் பி.எட். முடிச்சு டீச்சராவான்னுதான் சார். இப்போ ஏரிச் சேத்துலேர்ந்து டிஎன்ஏ எடுக்கிற படிப்பு படிக்கப் போறேன்ங்கறா. அப்படி ஒரு வேலை இருக்கா, இல்ல யூடியூப் பார்த்துட்டு உளர்றாளா?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்படி ஒரு துறை இருக்கிறது, உளறவில்லை. ஆனால் அந்தப் பெயரில் ஒரு டிகிரியைத் தேடாதீர்கள், கிடைக்காது. பல படிப்புகளிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து செய்கிற வேலை அது. அதில் உங்கள் மகள் எந்த நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

அவள் பார்த்த வீடியோ எது என்று எனக்குத் தெரியும். 2022 டிசம்பரில் வந்த செய்தி. கிரீன்லாந்தின் வடகோடியில் காப் கோபன்ஹாவ்ன் என்றொரு இடம். இன்று அங்கே பெரிதாக எதுவும் வளராது. அங்குள்ள களிமண்ணிலிருந்து எடுத்த டிஎன்ஏ துண்டுகளை வைத்து, 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது பாப்ளரும் பிர்ச்சும் வளர்ந்த காடாக இருந்தது என்று காட்டினார்கள். கலைமான், முயல், வாத்து இனம் எல்லாம் இருந்தன. மாஸ்டோடான் என்ற, யானைக்கு உறவான, அழிந்துபோன விலங்கும் இருந்தது. அது கிரீன்லாந்து வரை போயிருக்கும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. அப்போது அங்கே இன்றைவிட 11 முதல் 19 டிகிரி வரை வெப்பம் அதிகம். எலும்பு இல்லாமல் மண்ணை வைத்தே இதையெல்லாம் சொல்ல முடிந்தது. செடியும் விலங்கும் உதிர்க்கிற இலை, தோல், சாணம் இவற்றிலுள்ள டிஎன்ஏ களிமண், குவார்ட்ஸ் துகள்களில் ஒட்டிக்கொண்டு, குளிரில் கெடாமல் இருந்துவிட்டது.

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? வீடியோ மெல்லச் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றை நான் அழுத்திச் சொல்கிறேன். அந்த மண்ணை எடுக்கத் தொடங்கியது 2006ல். கட்டுரை வந்தது 2022ல். நடுவில் பல முறை முயன்று, டிஎன்ஏ வராமல், புதிய கருவியும் முறையும் வரும்வரை காத்திருந்தார்கள். 41 மாதிரிகளுக்கு 16 வருடம்! உங்கள் மகளுக்கு இந்தப் பொறுமை இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் முழுதையும் அழித்துவிட்டு மறுபடி போடுகிற பிள்ளையா, "போதும்மா" என்று எழுந்துவிடுகிற பிள்ளையா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

கிரீன்லாந்தைவிட எனக்குப் பிடித்த கதை வேறொன்று. அலாஸ்காவுக்கு அப்பால், பேரிங் கடலில், செயின்ட் பால் என்று ஒரு சின்னத் தீவு. பெருநிலத்தில் மாமத் யானைகள் பெரும்பாலும் அழிந்து பல ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அங்கே ஒரு கூட்டம் மிஞ்சியிருந்தது. சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் அதுவும் அழிந்தது. மனிதன் வேட்டையாடிவிட்டான் என்று சொல்ல வழியில்லை, அந்தத் தீவுக்கு மனிதர்கள் வந்ததே 1787ல்தான். அப்படியானால் யார் கொன்றது?

ஏரியின் அடியில் குழாயை இறக்கி, அடுக்கடுக்காகப் படிந்த சேற்றை எடுத்தார்கள். ஒருவர் அந்த அடுக்குகளின் வயதைக் கணக்கிட்டார். இன்னொருவர் மாமத்தின் டிஎன்ஏ எந்த அடுக்கு வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தார். வேறொருவர் நுண்ணோக்கியில் சாணத்தில் வளரும் பூஞ்சையின் வித்துகளை எண்ணினார். யானை இருந்தால் சாணம் இருக்கும், சாணம் இருந்தால் பூஞ்சை இருக்கும். டிஎன்ஏ நிற்கிற அதே காலத்தில் இந்த வித்துகளும் குறைந்துபோயின. நீரில் வாழும் நுண்ணுயிர்களின் எச்சங்களைப் பார்த்தவர், ஏரி சுருங்கி நீர் கலங்கிப்போனதைச் சொன்னார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த பதில் நம் ஊர்க்காரருக்கு உடனே புரியும்: குடிக்கத் தண்ணீர் இல்லை. கடல் மட்டம் ஏறித் தீவு சுருங்க, நன்னீர் வற்ற, இருந்த கொஞ்சம் குட்டையையும் யானைகளே சுற்றிச் சுற்றி மிதித்துக் கெடுத்திருக்கின்றன.

இந்தக் கதையை நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கேள்விக்குப் பின்னால் எத்தனை நாற்காலி, பாருங்கள். மண் அடுக்கைப் படிக்கிறவர் நிலவியல் (ஜியாலஜி) படித்தவர். பூஞ்சை வித்துகளையும் சேற்றில் தங்கிய மகரந்தத்தையும் இனம் காண்கிறவர் தாவரவியல்காரர். ஆய்வகத்தில் டிஎன்ஏ பிரிப்பவர் உயிர்வேதியியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படித்திருப்பார். வந்த கோடிக்கணக்கான துண்டுகளைக் கணினியில் ஒப்பிட்டு "இது யானை, இது புல், இது மாதிரியைத் தொட்டவருடைய டிஎன்ஏ" என்று பிரிப்பவருக்கு உயிரியலும் புரோகிராமிங்கும் இரண்டும் தெரிய வேண்டும்.

கடைசி நாற்காலிதான் சோறு போடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம், அதே திறமையைப் புற்றுநோய் மரபணுப் பரிசோதனை செய்யும் நிறுவனமும் கேட்கும், விதைக் கம்பெனியும் கேட்கும். ஆற்று நீரை ஒரு பாட்டில் எடுத்து அதில் என்னென்ன மீன் இருக்கிறது என்று சொல்லும் இன்றைய சுற்றுச்சூழல் டிஎன்ஏ வேலைக்கும் அதுதான் வேண்டும். பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில் இப்படிப்பட்ட வேலைகள் உண்டு. ஆரம்பச் சம்பளம் ஐடி நண்பர்கள் சொல்கிற அளவுக்கு இருக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பழங்கால மண்ணில் நிரந்தர வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் தெருவில் நிற்க மாட்டாள்.

"சரி, இந்தியாவில் எங்கே?" என்று கேட்பீர்கள். லக்னோவில் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் இருக்கிறது, 1946ல் தாவரவியல் அறிஞர் ஒருவர் தொடங்கியது. தொல் மகரந்தத்துக்கும் தொல் டிஎன்ஏவுக்கும் நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பேன். ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம். பக்கத்தில் என்றால், கீழடியை அடுத்த கொந்தகையில் கிடைத்த எலும்புகளின் டிஎன்ஏவை ஆராய்வது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில். அது எலும்பு, மண் அல்ல. ஆனாலும் வேறு டிஎன்ஏ கலந்துவிடாதபடி வேலை செய்யும் சுத்த அறைப் பழக்கமும் கணினி வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியச் செடிகளின் மகரந்தச் சேகரிப்பைப் பல காலமாக வைத்திருக்கிறது. தாவரவியல் மாணவி ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

இங்கே அவளுக்கு ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். டிஎன்ஏவுக்கு வெயில் ஆகாது. கிரீன்லாந்தின் உறைமண்ணில் தங்குவது போல நம் கண்மாய்ச் சேற்றில் தங்காது. அதனால் நம் பக்கத்துப் பழைய காடுகளைப் பற்றி இதுவரை தெரிந்ததில் பெரும்பகுதி வேறு வழிகளில் வந்தது. நீலகிரியின் சதுப்பு நிலங்களில் படிந்த கரிம மண்ணை எடுத்து, அதிலுள்ள கார்பனின் வகையை அளந்து, சூழலியல் அறிஞர் ஆர். சுகுமார் குழுவினர் 1993ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, அங்கே வறட்சி, புல்லே மேலோங்கியிருந்தது என்று அதிலிருந்து தெரிந்தது. ஊட்டியில் எது சோலை, எது புல்வெளி என்று இன்று வனத்துறையினர் வாதிடும்போதுகூட இந்த மாதிரி ஆதாரம்தான் உதவுகிறது. டிஎன்ஏ மட்டும்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் மகரந்தத்தையும் சேர்த்துக் கற்றால், அவளுக்கு நம் மண்ணிலேயே கேள்விகள் கொட்டிக்கிடக்கின்றன.

இனி படிப்பு. இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள், இன்னும் ஒன்றரை வருடம் கையில் இருக்கிறது. உயிரியலும் கணினியும் சேர்ந்த எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேடிக்ஸ் போடலாமா என்று அவள் கேட்டதாகச் சொன்னீர்கள். பல ஆலோசகர்கள் "ஆமாம்" என்பார்கள். நான் தாவரவியலிலேயே எம்.எஸ்சி. என்பேன். உங்கள் ஆசிரியர் கனவுதான் காரணம். முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு டிஆர்பி தேர்வு எழுதும்போது இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருந்தால் நிம்மதி. வேறு பெயரில் டிகிரி இருந்தால் இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணையைத் தேடிக்கொண்டு அலைய வேண்டிவரும். அப்படி அலைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கணினிப் பகுதியைப் பக்கத்திலேயே கற்றுக்கொள்ளலாம். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால்தான் பணம். பைதான், ஆர் என்ற புரோகிராமிங் மொழிகள், லினக்ஸ் இந்த மூன்றும் போதும். மாறாக அவளுக்கு, ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வில் நல்ல ரேங்க் வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு போகட்டும்.

அப்புறம் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை, உயிரியல் தாள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்டி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. நீங்கள் நகையை அடகு வைக்க வேண்டிய இடம் இது இல்லை. ஆனால் பணம் மாதாமாதம் முதல் தேதி வரும் என்று நம்பிவிடாதீர்கள். தாமதமாகும், ஆறு மாதச் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள்.

வெளிநாடு பற்றி. டென்மார்க்கின் கோபன்ஹேகன், நார்வேயின் ட்ரோம்சோ, ஜெர்மனியின் லைப்ஸிக், பாட்ஸ்டாம் இங்கெல்லாம் இந்த வேலை நடக்கிறது. தொல் டிஎன்ஏவுக்காக 2022ல் நோபல் வாங்கிய ஸ்வாந்தே பாபோ ஆய்வுக் குழுவை நடத்தியது லைப்ஸிக்கில்தான். 2017ல் அவருடைய குழுதான் எலும்பே கிடைக்காத குகை மண்ணிலிருந்துகூட நியாண்டர்தால் மனிதரின் டிஎன்ஏவை எடுத்துக் காட்டியது. டென்மார்க்கிலும் நார்வேயிலும் பிஎச்டி என்பது சம்பள வேலை. ஆனால் அங்கே எம்.எஸ்சி.க்கு நம்மைப் போன்றவர்கள் ஃபீஸ் கட்ட வேண்டும். நார்வேயில் முன்பு இலவசமாக இருந்தது, 2023 முதல் மாறிவிட்டது. இது தெரியாமல், கமிஷனுக்காகப் பேசும் ஏஜென்சியை நம்பி, பெரிய கடனில் எம்.எஸ்சி.க்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்து அழுத பெற்றோர் உண்டு. எம்.எஸ்சி. இங்கே, பிஎச்டி அங்கே. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கல்யாணம் பற்றியும் கேட்டீர்கள், தயங்கித் தயங்கி. பிஎச்டி முடியும்போது அவளுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகலாம். அதை நான் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எம்.எஸ்சி. முடிகிற இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அந்த இடத்தில் அவள் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்படிதான் மேலே சொன்ன வழியைப் போட்டிருக்கிறேன்.

இதெல்லாம் இருக்கட்டும், முதலில் அவளுக்கு இது உண்மையிலேயே பிடிக்குமா என்று பார்த்துவிடலாம். இந்த ஆய்வுகளின் மூலத் தரவு பெரும்பாலும் இணையத்தில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது. ஒரு சின்னக் கோப்பை இறக்கி, அந்தத் துண்டுகள் பழையவைதானா என்று அவளே சோதிக்கட்டும். பழைய ஓலைச்சுவடி ஓரத்தில் அரித்திருக்குமே, அது போலப் பழைய டிஎன்ஏவும் ஓரத்தில் சிதைந்திருக்கும். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் 'சி' (C) இருக்க வேண்டிய இடம் 'டி' (T) என்று படிக்கப்படும். அந்தச் சிதைவு தெரிந்தால் பழசு, தெரியாவிட்டால் யாரோ நேற்று தும்மியது. இதைக் கணக்கிட இலவச மென்பொருள் இருக்கிறது, வீட்டு லேப்டாப் போதும். முதல் பத்து நாள் எர்ரர்தான் வரும். மூன்று மாதம் கழித்தும் அவள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதலாம். இரண்டு மாதம் உண்மையான ஆய்வகத்தில் இருந்து பார்க்கலாம். அதற்குக் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், இப்போதே ஒருவரிடம் நல்ல பெயர் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை உங்களுக்கு. பாஸ்போர்ட் இல்லை என்றீர்கள். இந்த லீவிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயராக எழுதும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள எழுத்தும் ஆதாரில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் ஆதாரில் ஒரு 'ஹெச்' கூடுதலாக இருப்பதாகச் சொன்ன ஞாபகம். அதை முதலில் திருத்துங்கள்.