மாட்டை ஓட்டும் சாவோ மிகேல் நாய்: நம் பண்ணைக்குச் சரிப்படுமா?

கேள்வி: என்னிடம் 18 கறவை மாடுகள் உள்ளன. பகலில் வேலியடைத்த தோட்டத்தில் மேய்கின்றன. மாலையில் கொட்டிலுக்கு ஓட்டிவர இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது. போர்ச்சுக்கல் நாட்டில் ஒரே நாய் மாட்டுக் கூட்டத்தை ஓட்டிவரும் காணொளி பார்த்தேன். உடம்பெல்லாம் வரி, காது வட்டமாக வெட்டியிருந்தது. அது என்ன இனம்? அதன் குணம் எப்படி? மாட்டைக் கடித்து மடியைப் புண்ணாக்கிவிடாதா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளம் சாவோ மிகேல் மாட்டு நாய்க்கு உரியது. போர்ச்சுக்கல் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் இருக்கும் அசோரஸ் தீவுக் கூட்டத்தில் சாவோ மிகேல்தான் பெரிய தீவு. இந்த இனம் அங்கே உருவானது. 15ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் குடியேறியபோது ஆடு மாடுகளையும் கொண்டுபோனார்கள். காட்டில் திரிந்த மாட்டை மடக்கிப் பிடிக்க வலுவான தாடை கொண்ட நாய்கள் தேவைப்பட்டன. அதே கூட்டத்திலுள்ள டெர்சேய்ரா தீவில் வாழ்ந்து அழிந்துபோன ஃபிலா என்ற நாயைத்தான் இதன் முன்னோராகக் கருதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே சாவோ மிகேலில் இந்த மாட்டு நாய் அறியப்பட்டிருந்தது. ஆனால் முறையாகப் பதிவு செய்யும் வேலை 1980களில்தான் தொடங்கியது. இந்த இன நாய் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் இனத் தரம் 1984இல் எழுதப்பட்டது. இன்று சர்வதேச நாய் கூட்டமைப்பின் பட்டியலில் இதன் எண் 340.

ஆண் நாய் 50 முதல் 60 செ.மீ. உயரமும் 25 முதல் 35 கிலோ எடையும் இருக்கும். பெட்டை 48 முதல் 58 செ.மீ. உயரம், 20 முதல் 30 கிலோ எடை. முடி குட்டை, அடர்த்தி. செவலை, சாம்பல், மஞ்சள் என அடி நிறம் எதுவானாலும் வரி கட்டாயம் இருக்கும். நெற்றியிலும் மார்பிலும் பாதத்திலும் கொஞ்சம் வெள்ளை விழலாம். காது பிறவியில் முக்கோணமாகத் தொங்கும். வட்ட வடிவம் மனிதர் வெட்டுவதால் வருவது. மாட்டை ஓட்டும் திறமைக்கும் அந்த வெட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஐரோப்பாவில் பல நாடுகள் அதைத் தடை செய்திருக்கின்றன. எவர் சொன்னாலும் செய்ய வேண்டாம்.

இனி உங்கள் முக்கியமான சந்தேகம். அசோரஸ் பால் தொழிலுக்குப் பேர்போன இடம். போர்ச்சுக்கலின் மொத்தப் பாலில் சுமார் 30 சதவீதம் அங்கிருந்து வருகிறது. மடி பெருத்த கறவைகளை ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாலை வழியே ஓட்ட வேண்டும். அதனால் தாழக் கடிக்கும் நாயையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். பின்தங்கும் மாட்டின் பின்னால் போய், தலையைத் தரையோடு தாழ்த்தி, குளம்புக்குச் சற்று மேலே ஒரு கவ்வு கவ்விவிட்டு உடனே படுத்துக்கொள்ளும். மாடு விடும் உதை தலைக்கு மேலே போய்விடும். நன்றாக ஓட்டும் நாய், எடை ஊன்றியிருக்கும் காலைப் பார்த்துத்தான் கவ்வும். ஊன்றிய காலை மாடு சட்டென்று தூக்க முடியாது. கூட்டத்தை விட்டு ஓடும் மாட்டை மட்டும் கொஞ்சம் உயரத்தில் கடிக்கும். ஆக, பழக்கிய நாயால் மடிக்கு ஆபத்து குறைவு. பழக்காத நாயால் ஆபத்து நிச்சயம் உண்டு: வாலைப் பிடித்துத் தொங்கும், முன்னால் பாய்ந்து மாட்டைத் திருப்பிவிடும்.

பால் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். மிரண்ட மாட்டுக்கு அட்ரினலின் சுரக்கும். பாலை இறக்கும் ஆக்சிடோசின் வேலை செய்யாது. மாடு பாலை அடக்கிக்கொள்ளும், மடியில் தங்கும் பால் மடிநோய்க்கு வழிவிடும். எனவே மாடு நடந்துதான் கொட்டிலுக்கு வர வேண்டும். ஓடி வந்தால் நாய் சரியில்லை என்று அர்த்தம்.

பழக்குவதென்றால்: குட்டி 3 முதல் 14 வாரத்துக்குள் மனிதர், மாடு, வண்டிச் சத்தம் எல்லாம் பார்த்துப் பழக வேண்டும். அதுவரை வேலி இந்தப் பக்கம் குட்டி, அந்தப் பக்கம் மாடு. 'வா', 'படு', 'நில்' மூன்றும் சொன்னவுடன் கேட்ட பிறகு, ஆறு மாதம் தாண்டி, பத்து மீட்டர் கயிற்றில் கட்டி, நான்கைந்து சாதுவான மாடுகளின் பின்னால் நடத்துங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். புதிதாகக் கன்று ஈன்ற மாட்டிடம் விடவே கூடாது. அது நாயை முட்டித் தள்ளும், ஒரே உதையில் குட்டி பயந்து வேலையை விட்டுவிடும். குட்டி வாங்கும் முன் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள்; இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் பார்க்க வேண்டிய ஒன்று.

இது எஜமானுக்கு அடங்கும். அந்நியரிடம் கடுமை காட்டும். வேலை இல்லாமல் கட்டிப்போட்டால் ஓடும் பிள்ளைகளின் குதிகாலையும் சைக்கிள் சக்கரத்தையும் துரத்தும்.

என் கருத்து: உங்கள் 18 மாட்டுக்கு இந்த இனம் தேவையில்லை. சாலையில் ஓட்டுவதில்லை, வேலிக்குள்தான் மேய்கின்றன. தினமும் அதே நேரத்தில் மணி அடித்து, கொட்டிலில் அடர்தீவனம் வையுங்கள். முன்னோடி மாடு இரண்டு வந்துவிட்டால் மற்றவை பின்தொடரும். காவலுக்கு நாய் வேண்டுமென்றால் அது வேறு வகை. ஓட்டும் நாயைக் காவலுக்கு மட்டும் வைத்தால் அதன் உழைப்பு வீணாகும்.

எந்த நாய் வைத்தாலும் மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். கன்று ஈன்றதும் நஞ்சுக்கொடியையும், விழுந்த கருவையும் நாய் எட்டாதபடி சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். அதைத் தின்னும் நாயின் கழிவு வழியாக நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி தீவனத்தில் கலந்து, சினை மாடுகளுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும். தீவனத் தொட்டியிலும் வைக்கோல் போரிலும் நாய் படுக்க விடாதீர்கள்.