சைகை மொழிபெயர்ப்பாளரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளி சொன்னால்?

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, சைகை மொழி நன்றாகத் தெரியும். அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். வகுப்புக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டால், "உங்கள் செலவில் வையுங்கள், இல்லையென்றால் சிறப்புப் பள்ளியில் சேருங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சிறப்புப் பள்ளிக்குப் போகச் சொல்ல அவர்களுக்கு உரிமையே கிடையாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31-வது பிரிவுப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாட்டுச் சான்று இருக்கும் 6 முதல் 18 வயதுப் பிள்ளை அருகிலுள்ள பள்ளியில் படிப்பதா, சிறப்புப் பள்ளியில் படிப்பதா என்பது உங்கள் தேர்வு.

மொழிபெயர்ப்பாளர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. வகுப்புக்கு ஒருவர் என்று சட்டத்தில் எழுத்துக்கு எழுத்து இல்லை, பள்ளித் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் காது கேளாத பிள்ளைக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் பாடம் நடக்க வேண்டும் என்கிறது பிரிவு 16. நியாயமான வசதியை, அதாவது மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கத் தேவையான மாற்றத்தை, மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது பிரிவு 2, உச்ச நீதிமன்றமும் 2021-இல், தேர்வெழுத உதவியாளர் கேட்ட விகாஷ் குமார் என்பவரின் வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. அளவுக்கு மீறிய சுமை என்றால் மட்டுமே பள்ளி விலக முடியும், அப்படியென்றால் கணக்கைக் காட்டட்டும், வாய்வார்த்தை போதாது.

இனி எதையும் வாய்மொழியாகப் பேசாதீர்கள். எந்தெந்தப் பாடவேளைக்கு, என்ன தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலையும் சேர்த்துக் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்குப் போகட்டும், ஏனென்றால் சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்கும் கடமையைப் பிரிவு 17 அரசின் மீது வைக்கிறது, செலவு யாருடையது என்ற சண்டையில் அரசை வெளியே நிற்க விடக்கூடாது. அப்புறம் ஒன்று, "நீங்களே தினமும் வந்து உட்காருங்கள்" என்று கேட்டால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறைய அம்மாக்கள் வேலையை விட்டுவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அது பள்ளி செய்ய வேண்டிய வேலை.

பதில் வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுங்கள். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆட்களை அழைத்து விசாரிக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு, அவர் பரிந்துரைத்தால், அந்தப் பரிந்துரையைப் பெற்ற அதிகார அமைப்பு என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதிலும் நகரவில்லை என்றால் பள்ளி, கல்வித்துறை இரண்டையும் சேர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தேர்வில் கூடுதல் நேரம், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு இரண்டும் பிரிவு 17-இலேயே இருக்கின்றன, முதல் கடிதத்திலேயே அவற்றையும் கேட்டுவிடுங்கள்.