லண்டனில் நாடகம் படிக்கும் மகள் கடிதத்தில் கையெழுத்து வைத்தால்

அன்புள்ள அம்மா,

போன கிழமை கந்தோருக்கு வந்து, மகள் அனுப்பிய கடிதத்தைப் போனில் காட்டினீர்கள். தோல் நிறத்தைப் பார்த்து வேடம் கொடுக்கிறார்கள் என்று நாடகத் துறைக்கு மாணவர்கள் எழுதியது. கீழே முப்பதுக்கு மேல் பெயர்கள், மூன்றாவது உங்கள் பிள்ளையுடையது. அந்தப் பெயரைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, "சேர், காணியை ஈடு வைச்சு அனுப்பின பிள்ளை. இதால விசா போயிடுமோ?" என்று கேட்டீர்கள். வெளியில் ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். இதே கவலையோடு வேறு பெற்றோரும் இருப்பதால், உங்கள் பெயர் இல்லாமல் பொதுவிலும் போடுகிறேன்.

உங்கள் பயம் எனக்கு விளங்கும். பெயர்ப்பட்டியல் என்றாலே நெஞ்சு பதறும் ஊர் இது. முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். ஆனால் மகள் இருக்கும் இடத்தின் விதிகள் வேறு, அவற்றை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

பிரித்தானியாவில் மாணவர் விசாவில் இருப்பவர் கடிதத்தில் கையெழுத்து வைப்பதோ, கூட்டத்தில் பேசுவதோ விசா நிபந்தனையை மீறுவதாகாது. மீறல் வேறு இடங்களில் வரும். வகுப்புக்கு ஒழுங்காகப் போகாவிட்டால் பல்கலைக்கழகம் உள்துறைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டது. ஆகவே நண்பர்கள் வகுப்பைப் புறக்கணிப்போம் என்று தொடங்கினால், மாணவர் ஒன்றியத்தின் ஆலோசனைப் பிரிவில் கேட்காமல் மகள் அதில் சேரக்கூடாது. கூடப் படிக்கும் அந்த நாட்டுப் பிள்ளைக்கு விசாக் கட்டுப்பாடு இல்லை, இவளுக்கு உண்டு. பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். சுயதொழில் கூடாது, தொழில்முறைக் கலைஞராக மேடையேறவும் கூடாது. சனிக்கிழமை ஊர்ச் சங்க விழாவில் ஆடிவிட்டு 'அன்பளிப்பு' என்று உறையில் காசு வாங்குகிற பிள்ளைகள் உண்டு. எனக்கு அந்தக் கடிதத்தைவிட இந்த உறைதான் பயம். இதை மகளிடம் கட்டாயம் கேளுங்கள்.

விசாவைப் பற்றிச் சொல்ல இருந்தது அவ்வளவுதான். இனி, அந்தப் பிள்ளைகள் என்னத்தைக் கேட்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நீங்கள் கையெழுத்தைப் பார்த்த பதற்றத்தில் கடிதத்தை வடிவாக வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் மகள் தன் கணக்கை எழுதியிருக்கிறாள். இரண்டு வருடத்தில் அவளுக்குக் கிடைத்தவை நான்கு வேடங்கள்: தாதி, வேலைக்காரி, திரும்பவும் தாதி, பெயரில்லாத அகதிப்பெண். நான்கிலும் சேர்த்து 11 வசனம். அவளோடு சேர்ந்த சில பிள்ளைகள் அதே காலத்தில் இரண்டு தரம் கதாநாயகியாக நின்றிருக்கிறார்கள்.

நாடகப் படிப்பில் மேடையில் நிற்கும் நேரம்தான் பாடம். மருத்துவ மாணவி ஒருத்தியை மூன்று வருடமும் வார்ட்டுக்குள் விடாமல் வாசலில் நிறுத்திவிட்டு, முழுக் கட்டணமும் வாங்கினால் பேசாமல் இருப்பீர்களா? கடைசி வருடத்தில் 'ஷோகேஸ்' என்று ஒரு நிகழ்ச்சி வைப்பார்கள். நடிகர் முகவர்கள் வந்து, ஒவ்வொருவரும் சில நிமிடம் நடிப்பதைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிவு செய்வார்கள். ஒரு பெரிய பாத்திரத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை சுமந்து பழகாத பிள்ளை அங்கே எதைக் காட்டுவாள்? உங்கள் காணி ஈட்டில் இருப்பது அந்தப் பழக்கத்தை வாங்கத்தான். ஆகவே மகள் படிப்பை விட்டுவிட்டு அரசியலுக்குப் போனாள் என்று என்னால் சொல்ல முடியாது. கட்டிய காசுக்குரிய படிப்பைத்தான் கேட்கிறாள்.

இதில் எனக்கு ஒரு சொந்த நோவும் உண்டு. நான் படித்த பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாவுக்கு அரிச்சந்திரன் நாடகம் போட்டார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெடியன், மயான காண்டப் பாட்டை அவன் எடுத்தால் கன்ரீன்காரரும் வந்து வாசலில் நிற்பார். அரிச்சந்திரன் வேடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஏனென்று ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை, எந்த ஒழுங்கையிலிருந்து வருகிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவனைத் திரைக்குப் பின்னால் நிறுத்திப் பாடவைத்தார்கள், முடி வைத்த பிள்ளை முன்னால் நின்று வாயசைத்தான். நான் சேவகன், கையில் ஈட்டியோடு பக்கத்திரைக்குக் கிட்ட நின்றேன். பாடும்போது அவன் திரைச்சீலையின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். கைதட்டு முன்னால் நின்றவனுக்குப் போனது. அடுத்த தவணை அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அன்று ஒரு கடிதம் எழுத எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோல் நிறத்தை வைத்து அங்கே நடப்பதும், சாதியை வைத்து இங்கே நடந்ததும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

மேடை மாறாத இடமுமில்லை. படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த கூத்தை 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். இன்று நாடகமும் அரங்கியலும் உயர்தரத்தில் ஒரு பாடம், உங்கள் மகளும் அதை எடுத்துத்தான் போனவள். லண்டனிலும் அப்படித்தான். 2020இல் நாடகக் கல்லூரிகளின் மாணவர்களும் பழைய மாணவர்களும் தாங்கள் பட்டதை வெளிப்படையாக எழுதினார்கள். 1904இல் தொடங்கிய ராடா போன்ற கல்லூரியே தன்னிடம் நிறுவனரீதியான இனவாதம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. உங்கள் மகளின் கடிதம் அந்த வழியில் வந்த இன்னொன்று.

எப்படிக் கேட்பது என்பதில்தான் அவளுக்கு என் ஆலோசனை தேவை. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகிறது. நிறம், தேசியம், இன அடி எல்லாம் அதற்குள் வரும். முறைப்பாடு செய்த காரணத்துக்காக ஒருவரைப் பழிவாங்குவதையும் அதே சட்டம் தடுக்கிறது. இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்தின் உள் முறைப்பாட்டை முழுதாக முடித்து, முடிந்தது என்று கடிதம் வாங்கினால், 12 மாதத்துக்குள் உயர்கல்விக்கான சுயாதீனத் தீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். மாணவருக்குக் கட்டணமில்லை. ஒன்று மட்டும்: புள்ளி சரியா, நடிப்பு நல்லதா என்ற கல்வித் தீர்மானத்துக்குள் அந்த அலுவலகம் தலையிடாது. "நான் அவளைவிட நல்லாய் நடிப்பன்" என்று எழுதினால் அந்த வரியோடு முறைப்பாடு படுத்துவிடும். யாருக்கு எத்தனை வேடம், எத்தனை வசனம், எத்தனை நிமிடம் மேடையில், திகதியோடு. அதைத்தான் எழுத வேண்டும். மகள் ஏற்கெனவே எண்ணத் தொடங்கிவிட்டாள், கெட்டிக்காரி. அதை ஒரு கொப்பியில் ஒழுங்காக வைக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் ஒருவரின் பெயரைப் போட்டு முகநூலில் ஏசுவது வேண்டாம். அது நாளைக்கு இவள் தலையில்தான் விழும்.

"இப்பிடிக் கதைக்கிற பிள்ளைக்கு ஆர் வேலை குடுப்பினம்?" என்றும் கேட்டீர்கள். கொடுக்காதவர்களும் இருப்பார்கள், மறைக்கவில்லை. ஆனால் 1976இல் லண்டன் சவுத்தோலில் ஒரு சீக்கிய இளைஞன் இனவெறியில் கொல்லப்பட்டபின், ஆசிய இளைஞர்கள் சேர்ந்து 1977இல் தாரா ஆர்ட்ஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். அதற்குத் தெற்கு லண்டனில் சொந்த அரங்கே உண்டு. ஈழத்தமிழ்க் குடும்பமொன்றின் கதை 2019இல் சிட்னியில் மேடையேறி, 2022இல் எடின்பரோ விழாவுக்கும் போனது. அப்படியான நாடகங்களுக்குத் தமிழ் நாக்கு உள்ள பயிற்சிபெற்ற நடிகை வேண்டும். ஈக்விட்டி என்ற நடிகர் சங்கத்தில் மாணவராகவே சேரலாம், மகளை இந்த வருடமே சேரச் சொல்லுங்கள். படிப்பு முடிந்து பட்டதாரி விசா கிடைத்தால் நடிப்புத் தொழில் செய்யத் தடையில்லை, ஆனால் அந்தக் காலம் குறுகியது. அதற்குள் முகவர் ஒருவர் அகப்பட வேண்டும் என்பதால்தான் கடைசி வருட வேடங்களைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

ஞாயிறு பின்னேரம் மகள் எடுக்கும்போது கையெழுத்தைப் பற்றித் தொடங்காதீர்கள். இந்தத் தவணை என்ன வேடம் தந்திருக்கினம் என்று முதலில் கேளுங்கள். பிறகு உறைக் காசு, வகுப்பு வரவு, கொப்பி. பாடநெறிக் கையேட்டை அனுப்பச் சொல்லி, அதோடு செவ்வாய்க்கிழமை வாருங்கள். வேடம் பகிர்வதைப் பற்றி அதில் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம். ஒன்பது மணிக்குப் பிறகு கந்தோரில் இருப்பேன்.